சீயோனுக்கு எந்த மாதம் நல்லது?

வெட்டர் அண்ணையைப் போல ஒரு மனிதனுக்குக் கோபம் வரவைக்கக்கூடிய இன்னொருவர் ஜேர்மனியில் பிறக்கவும் இல்லை, அகதியாக வந்து இறங்கவும் இல்லை. எந்தக் கோயிலிலும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வேன். நான்கு வருடங்கள் நான் அவரோடு கோபமாக இருந்தேன். இடையில் பெருநாள், பொங்கலுக்குக்கூட அந்தக் கோபத்துக்கு விடுமுறை கிடைக்கவில்லை.

வெட்டர் என்றால் ஜேர்மன் மொழியில் காலநிலை. கெல்சென்கிர்ச்சனில் நாங்கள் இருந்த நான்கு மாடிக் கட்டடத்துக்கு அவர்தான் ஹவுஸ்மைஸ்டர். குப்பைத் தொட்டியை வெளியே வைப்பது, மின்குமிழ் மாற்றுவது, பனி கொட்டினால் காலை ஏழு மணிக்குள் நடைபாதையை வழித்து உப்புப் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. யாராவது வழுக்கி விழுந்தால் பழி அவர் தலையில். அதனால் வானத்தைப் பார்க்கத் தொடங்கியவர், பிறகு பார்வையை இறக்கவே இல்லை. பல்கனியில் மூன்று வெப்பமானிகள் தொங்கவிட்டிருந்தார். மூன்றும் மூன்று கதை சொல்லும். மூன்றையும் ஏசிவிட்டுத் தன் முழங்காலைக் கேட்டு முடிவெடுப்பார்.

தொலைக்காட்சியில் காலநிலை சொல்லும் பெண்ணோடு தினமும் சண்டை. "பிள்ளை, உனக்கு ஆர் உதைச் சொன்னது? வடக்கிலை இருந்து காத்து வரேக்கை என்னெண்டு வெயில் எறிக்கும்?" என்று திரைக்குப் பக்கத்தில் போய் நின்று கேட்பார். அவளும் பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டு போய்விடுவாள். அது அவருக்கு இன்னும் கோபம்.

ஒருமுறை எங்கள் தமிழ்ச் சங்கத்து விளையாட்டுப் போட்டிக்கு முதல்நாள், வீடு வீடாகத் தொலைபேசி எடுத்து, "நாளைக்கு வெள்ளம் போடும், பிள்ளையளைக் கொண்டு போகாதையுங்கோ" என்று சொல்லிவிட்டார். அடுத்தநாள் தார் உருகுகிற வெயில். அஞ்சலோட்டத்துக்கு வந்ததே இரண்டு பேர். ஒருவன் ஓடிப்போய்த் தடியைத் தானே திருப்பிக் கொண்டுவந்தான். ஒழுங்கு செய்தவன் நான். பல்லைக் கடித்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

"அண்ணை, எங்கை மழை?"

"பெய்திருக்க வேணும் தம்பி. பெய்யாதது மழையின்ரை பிழை."

அவர் வாயில் 'தெரியாது' என்ற சொல் ஒருநாளும் வந்தது கிடையாது. வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. எல்லாம் மருந்துக்கடைக்காரர் வருடக் கடைசியில் சும்மா கொடுத்த ஒரு நாட்காட்டியால் வந்த வினை.

அண்ணையின் மனைவி செலின் அக்கா மன்னார்ப் பக்கம். நல்ல கத்தோலிக்கர். அந்த நாட்காட்டியில் ஒரு மாதத்துக்குச் சிவந்த மலைகள், நடுவில் பச்சையாக ஒரு பள்ளத்தாக்கு. கீழே Zion என்று அச்சடித்திருந்தது. அக்கா எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு எழுந்து நின்றுகொண்டு கேட்டார்.

"இஞ்சாருங்கோ, இது சீயோனெல்லே? வேதத்திலை வாற சீயோனோ?"

அண்ணை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலநிலைப் பெண்ணோடு மும்முரமாக இருந்தார்.

"ஓம் ஓம், அதுதான்."

அவ்வளவுதான் அவர் சொன்னது. அக்கா படத்தை வெட்டி மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். அந்த நேரம் அவர்களுடைய மகள் ஆஸ்பில்டுங் இடம் தேடிக்கொண்டிருந்தாள். தொழில் பழகுகிற இடம் கிடைக்காவிட்டால் இந்த நாட்டில் பிள்ளை நடுத்தெருவில்தான். எல்லா இடத்திலிருந்தும் 'மன்னிக்கவும்' என்று கடிதம் வந்தபடி இருந்தது. அக்கா அடுத்த ஞாயிறு பூசையில் முழந்தாளிட்டு நேர்ந்தார்: பிள்ளைக்கு இடம் கிடைத்தால் சீயோனில் வந்து கால் வைப்பேன், வைக்கும்வரை மீன் தொடமாட்டேன்.

மன்னாரில் பிறந்த ஒரு பெண் மீன் தொடாமல் இருப்பது என்றால் என்ன என்று வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மூன்றாம் வாரம் மகளுக்குப் பல் வைத்தியர் ஒருவரிடம் இடம் கிடைத்தது. நேர்த்தி அந்த நிமிடத்திலிருந்து கடனாகிவிட்டது.

அண்ணை என்னிடம் வந்தார். நான் மேல்வீட்டில் தனிக்கட்டை. ஆங்கிலம் கதைப்பேன், வாகனம் ஓட்டுவேன், எல்லோருக்கும் ஜேர்மன் கடவுச்சீட்டும் வந்திருந்தது. "சீயோனுக்கு எப்பிடிப் போறதெண்டு உந்தக் கொம்பியூட்டரிலை பார்" என்றார். நான் பார்த்தேன். அது அமெரிக்காவில், பாலைவனத்துக்கு நடுவில், ஆறு அறுத்த ஒரு பள்ளத்தாக்குப் பூங்கா. வருடம் முழுக்கச் சனம் அள்ளுப்பட்டுப் போகிறது, மலை ஏறவும் படம் எடுக்கவும்.

"அண்ணை, இது வேதத்திலை வாற இடம் இல்லை. அது எருசலேமிலை. இது சும்மா பேர் வைச்சிருக்கிறாங்கள்."

அண்ணையின் முகம் உப்புப் போட்ட பனி மாதிரிப் போனது. "வாயைத் திறக்காதை. அவ நேர்ந்திட்டா. நான்தான் ஓம் எண்டனான்."

"அப்ப எருசலேமுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"அங்கை போய் இந்தச் சிவத்த மலை எங்கை எண்டு கேட்டா என்ன சொல்ல?"

அன்றைக்கு அண்ணை எழுந்து தன் மனைவியிடம் போய் ஒரு வசனம் சொல்லியிருந்தால் பிரச்சினை முடிந்திருக்கும். ஆனால் நம்முடையவர் பருவங்களைப் பிடித்துக்கொண்டார்.

முதல் வருடம் அவர்களைக் கூட்டிக்கொண்டு போக நான் வசந்தத்துக்கு லீவு எடுத்தேன். நான் வேலை செய்த பாண் சுடும் தொழிற்சாலையில் லீவுக்கான விண்ணப்பத்தை ஆறு மாதம் முந்திக் கொடுக்க வேண்டும். பயணத்துக்கு மூன்று வாரம் இருக்க அண்ணை மேலே வந்தார். "தம்பி, வசந்தத்திலை மேலை இருக்கிற பனி உருகி ஆறு பெருகுமாம். ஆத்துப் பாதையைப் பூட்டிப்போடுவாங்களாம். ஏலாது." நான் விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கினேன்.

இரண்டாம் வருடம் கோடை. "நாப்பது பாகை வெயில். சனம் வேறை. பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம் வரிசை. அவவுக்குப் பிறசர்." அதோடு விடவில்லை. "ஆடி, ஆவணியிலை இடி இடிச்சு ஒரு நொடியிலை பள்ளத்தாக்குக்குள்ளை வெள்ளம் பாயுமாம்." பாலைவனத்தில் வெள்ளம் என்று சொல்லி என் லீவைக் கெடுத்த மனிதரை வேறு எங்கே காண முடியும்? கொடுமை என்னவென்றால் அவர் சொன்னது உண்மை. இங்கே அடுத்தநாள் மழையைச் சொல்லத் தெரியாதவர், கடல் கடந்த வெள்ளத்தைச் சரியாகச் சொன்னார். எனக்கு அதுவே ஆத்திரம்.

மூன்றாம் வருடம் குளிர்காலம். "பாதையெல்லாம் ஐஸ். அதோடை நான் போனால் இஞ்சை ஆர் பனி வழிக்கிறது? நீயோ?" என் மேலதிகாரி, விண்ணப்பத்தை மூன்றாம் தடவை திருப்பிக் கொடுக்கும்போது, நான் உண்மையில் எங்காவது போகிற ஆள்தானா என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது வேறு ஒன்று. நான் சமயத்தால் சைவம், சாப்பாட்டால் மச்சம். சனிக்கிழமைகளில் மீன் குழம்பு வைப்பேன். தாளிதம் வெடிக்கும் நேரத்துக்கு அண்ணை படியேறி வருவார். கீழே அந்த மனுசி பருப்பும் கீரையும் தின்றுகொண்டு கன்னம் ஒட்டிப்போயிருக்க, அவளைக் கட்டிய இவர் என் வீட்டில் விளைமீன் தலையை உறிஞ்சுவார். "நேர்ந்தது அவ. நான் இல்லை" என்பார். பூசைக்குப் போய்வரும் அக்கா, தமிழ்க் கடையில் மீன் பெட்டிக்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். 

நான்காம் வருடம் ஒக்டோபருக்கு எழுதிக் கொடுத்தேன். ஆற்றில் நீர் குறைவு, வெயில் இதம், சனமும் குறைவு, மரமெல்லாம் மஞ்சள் நிறம். வாசித்த இடமெல்லாம் அதுதான் திறமான காலம் என்று இருந்தது. இனி இந்த மனிதர் என்ன சொல்வார் என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு சனிக்கிழமை, கோப்பையில் சோற்றைக் குழைத்தபடி அண்ணை சொன்னார்:

"தம்பி, ஒக்டோபர் ஏலாதடா. ஐப்பசி. அடை மழைக்காலம்."

"அண்ணை, அது யாழ்ப்பாணத்திலை."

"ஐப்பசி எண்டால் எங்கையும் ஐப்பசிதான்."

எனக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. கரண்டியைப் போட்டுவிட்டுப் படியிறங்கினேன். "டேய், நில்லடா" என்று அண்ணை பின்னால் ஓடிவந்தார். கதவைத் திறந்த அக்காவிடம், மூச்சு வாங்காமல் கொட்டினேன்.

"அக்கா, உங்கடை சீயோன் வேதத்திலை வாற சீயோன் இல்லை. அது அமெரிக்காவிலை கிடக்கிற ஒரு பூங்கா. இவருக்கு அது நாலு வருசமாத் தெரியும். எனக்கும் தெரியும். உங்களுக்குச் சொல்லப் பயத்திலைதான் மழை, வெயில், பனி எண்டு கதை விடுறார்."

சொல்லி முடித்த பிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். சுவரில் ஒட்டியிருந்த படத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். அவருடைய வலக்கையில் குழம்பு, மீசையில் ஒரு முள்.

"நாலு வருசம்" என்றார் அக்கா. குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நாலு வருசம் நான் ஒரு நெத்தலி வாயிலை வைக்கேல்லை. நீங்கள் சனிக்கிழமையிலை மேலை போய்த் தின்னுறது எனக்கு மணக்காதெண்டு நினைச்சியளோ? அதை விடுங்கோ. தெரியாதெண்டு ஒரு சொல்லுச் சொல்ல உங்களுக்கு என்ன வருத்தம்?"

அண்ணை வாயைத் திறந்தார்.  அந்தச் சொல்லை என் வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வாயால் கேட்டேன்.

"தெரியாது."

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீங்களும்தான் தம்பி. உங்களையும் நம்பித்தானே இருந்தனான்." எனக்கு அங்கே நிற்கக் கால் கூசியது.  அக்கா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அங்கை என்னதான் இருக்கு?"

நான் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். "மலையள் அக்கா. மூண்டு மலைக்கு ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு எண்டு பேர். வேறை ஒண்டு வெள்ளைச் சிங்காசனம். தேவதூதர், உங்கடை சம்மனசு, இறங்கின இடம் எண்டும் ஒரு குன்று இருக்கு."

"ஆறு?"

"வேர்ஜின். கன்னி ஆறு."

அக்கா சிலுவை போட்டார். "இவ்வளவும் இருக்கிற இடத்தையோ பூங்கா எண்டு சொல்லுறியள்? நான் சீயோன் எண்டு நேர்ந்தனான். எந்தச் சீயோன் எண்டு ஆண்டவருக்கு நான் சொல்லேல்லை. ஒக்டோபருக்கே போடுங்கோ."

போட்டோம். லாஸ் வேகாஸ் விமான நிலையத்துக்குள்ளேயே சூதாட்ட இயந்திரங்கள் வரிசையாகக் கிணுகிணுத்தன. அக்கா கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தபடி நடந்தார். அண்ணை பின்னால் பெட்டியோடு வந்தார். பூங்காவுக்கு வரும்வரை, மூன்று மணித்தியாலம், வாடகைக் காரை நான் ஓட்டினேன். என் மனதில் நான்கு வருடக் கணக்கு முழுவதும் இருந்தது. நேர்த்தி முடியட்டும், இந்த மனிதருக்கு அந்த இடத்திலேயே வைத்து நல்லாகக் கொடுக்கிறேன் என்று வசனமெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

பூங்காவின் பஸ் பள்ளத்தாக்குக்குள் நிற்கவும் மழை கொட்டத் தொடங்கியது. சிவந்த மலைகளின் உச்சியிலிருந்து வெள்ளை வெள்ளையாக நீர் விழுந்தது.

"ஐப்பசி எண்டு நான் சொன்னனான்தானே" என்றார் அண்ணை. அவர் முகத்தில் வெற்றி இல்லை. வானத்தைப் பார்த்து ஏசினார். அக்கா மழையைக் கவனிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சிவப்பு மண்ணில் இறங்கினார். முழந்தாளிட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்தவர் கேட்ட முதல் கேள்வி: "இஞ்சை எங்கையும் மீன் வாங்கலாமோ தம்பி?"

பாலைவனத்தின் நடுவில் நான் எங்கே போவேன்? அப்போது அண்ணை தன் மேலங்கிப் பையிலிருந்து ஒரு மீன் தகரத்தை எடுத்தார். கெல்சென்கிர்ச்சனிலிருந்து அது அவர் நெஞ்சோடு வந்திருக்கிறது. மூடியை இழுத்துத் திறந்து, தன் கைக்குட்டையால் துடைத்த கரண்டியோடு நீட்டினார்.

"பெரிய மீன் ஒண்டும் இல்லை. வீட்டை போனவுடனை விளைமீன் வாங்கித் தாறன்" என்றார். "கோவிக்காதையும் செலின்."

அக்கா கரண்டியை வாங்கிச் சாப்பிட்டார். மழை தகரத்துக்குள் விழாமல், அண்ணை மேலங்கியைக் கழற்றி இரண்டு கையாலும் அக்காவுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய சேர்ட் நனைந்து முதுகோடு ஒட்டியது.  தயாராக வைத்திருந்த வசனங்களை நான் அங்கேயே விட்டுவிட்டேன். பக்கத்தில் போய், என் குடையை அவருக்கு மேலே பிடித்துக்கொண்டு நனைந்தேன்.