எனக்குக் கீழே நாற்பது பேர்

அன்புள்ள மச்சானுக்கு உன் அத்தான் எழுதுவது.

என் மகளின் படிப்பைக் கெடுத்தது நீதான். நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அடுத்தவன் குடும்பத்தில் கொள்ளி வைக்கிறவர்கள் பொதுவாகச் சுகமாகத்தான் இருக்கிறார்கள். இங்கே உன் அக்காவுக்கு முதுகுவலி, எனக்கு நீ. போனில் பேசினால் அவள் பிடுங்கிக்கொண்டு உன் பக்கம் பேசுவாள் என்பதால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் என் மகளோடு அரை மணி நேரம் சிரித்துப் பேசினாயே, அப்போது, "உங்கப்பா இன்ஜினீயரா? மோட்டார் ரிப்பேர் கடையில காயில் கம்பி சுத்திட்டிருந்தாரு, அதுலயும் முதலாளி ரெண்டு தடவை துரத்திட்டாரு" என்றாயாம். ஒரு தடவைதான் துரத்தினார். அதை விடு. பதினாலு வருஷமாக அந்த இன்ஜினீயர் பொய்யை வைத்துத்தான் ஒரு பெண்ணைப் படிக்க வைத்தேன். புத்தகத்தின் முன்னால் அவள் கொட்டாவி விட்டால் போதும், "எனக்குக் கீழ ஆறு பேர் வேலை பார்த்தாங்க, உனக்காக உதறிட்டு இந்த நாட்டுக்கு வந்தேன்" என்பேன், நிமிர்ந்து உட்காருவாள். கணக்கில் மார்க் குறைந்தபோது ஆறு பேர் இருபது பேரானார்கள். வேதியியலில் மண்ணைக் கவ்விய வருஷம் நாற்பது பேரும் ஒரு ஜீப்பும் வந்துசேர்ந்தன. அந்த நாற்பது பேர்தான் அவளை மருத்துவக் கல்லூரி வாசல்வரை தள்ளிக்கொண்டு போனார்கள். இடமும் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். இவள் அந்தக் காகிதத்தை ஃபிரிட்ஜ் மேல் வீசிவிட்டு, பஸ் ஓட்டப் பழகப் போகிறேன் என்கிறாள்.

"பஸ்ஸா?" என்றேன்.

"ஆமா. ஏன், கேவலமா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"மூஞ்சி சொல்லுதேப்பா. அப்ப நீங்க துணி துவைக்கிறது?"

உன் அக்கா பாத்திரத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

பொய் எதற்கு, இங்கே படுகிற பாட்டையே சொல்லியிருக்கலாமே என்பாய். சொல்லிப் பார்த்தேன் மச்சான். ஆஸ்பத்திரிக்கு அடியில், ஜன்னலில்லாத சலவைக்கூடத்தில் நிற்கிறேன். ரத்தமும் மலமுமாக வருகிற விரிப்புகளை உதறும்போது உள்ளே ஊசி எங்கே கிடக்கிறதென்று தெரியாது. மூன்று தடவை குத்தியிருக்கிறது, மூன்று தடவையும் சூப்பர்வைசர் என்னைத்தான் திட்டினான். உன் அக்கா பள்ளிக்கூடக் கேன்டீனில் தட்டு கழுவிக் கழுவி அவள் விரலில் நகம் நிற்பதில்லை. டயர் கடைக்கு மேலே ஒரே அறை, அதில் மகளுக்கு மேசை போட வேண்டுமென்று கட்டிலைத் தள்ளிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் அடுப்புக்குப் பக்கத்தில் படுக்கிறோம். இதை யாராவது தியாகம் என்றார்களா? டாக்டராக இருந்துவிட்டு வந்து இங்கே டாக்ஸி ஓட்டுகிறவனைத்தான் பேப்பரில் படம் போட்டு எழுதுகிறார்கள். மேலே இருந்து விழுந்தவனுக்குத்தான் மரியாதை. கீழேயே கிடந்தவன் கடல் தாண்டி வந்து இன்னும் கீழே போனால் அதைத் திரும்பிப் பார்க்க ஒரு நாய் கிடையாது. விழுவதற்கு எனக்கும் ஓர் உயரம் வேண்டியிருந்தது, ஏற்பாடு பண்ணிக்கொண்டேன். அதில் உனக்கு என்னடா நஷ்டம்?

ஆகவே இதைப் பார்த்த உடனே அவளைக் கூப்பிடு. விளையாட்டுக்குச் சொன்னேன், அத்தான் பெரிய இன்ஜினீயர்தான் என்று சொல். ஜீப்பை மறந்துவிடாதே. உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து நன்றாக இருக்கட்டும். நீ அப்பனாக வாய்த்தும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னமும் உன்னை மச்சான் என்றே கூப்பிடும் அத்தான்

பின்குறிப்பு: கூப்பிட வேண்டாம். படம் பிடிக்கச் சொல்லி உன் அக்காவிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு, "ஏங்க, பத்து வயசுலேர்ந்து இந்த வீட்டு ஃபாரம் அத்தனையும் அவதானே நிரப்புறா? உங்க படிப்புன்னு இருக்கிற கட்டத்துல எட்டாம் வகுப்புன்னு எழுதினது யாரு, நானா?" என்றாள். நேரே மகளிடம் போனேன். "தெரிஞ்சுக்கிட்டே எதுக்குடி இத்தனை வருஷம் கேட்டுட்டிருந்தே?" என்றேன். "அதைச் சொல்றப்ப உங்க முகம் நல்லா இருக்கும்பா" என்றாள். "அப்ப அந்த முகத்துக்காகவாவது வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடு" என்றேன். சொல்லி ஒரு மணி நேரம் ஆகிறது, காகிதம் இன்னும் ஃபிரிட்ஜ் மேலேயேதான் கிடக்கிறது.