பால் சங்கத்தில் ஒரு டிரம் கடல்

தாமிரபரணித் தண்ணீரில் உப்பை அள்ளிப் போட்டவன் நான். இதற்குமேல் என் முகத்தில் விழிக்க வேண்டாமென்று திருநெல்வேலிக்காரர்கள் நினைத்தால் எனக்கு வருத்தமில்லை. (என் அம்மாவே இன்னும் மன்னிக்கவில்லை.)

தொண்ணூறுகளின் நடுவில், விலங்கியல் பட்டத்தை வாங்கிக்கொண்டு விக்கிரமசிங்கபுரத்தில் சும்மா இருந்தேன். தூத்துக்குடி நண்பன் ஒருவனின் கண்ணாடித் தொட்டியில், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கடல்மீனைப் பார்த்தேன். அவ்வளவுதான், கிறுக்குப் பிடித்துவிட்டது. அதில் ஒன்றையும், வலையில் சிக்கி வந்த உயிருள்ள பவளக் கல் ஒன்றையும், நாலு கேன் கடல்நீரையும் பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வாராவாரம் தொட்டியில் கொஞ்சம் தண்ணீரை மாற்ற வேண்டும். கடல் எங்கே, மலையடிவாரம் எங்கே? நானே கடல் செய்வதென்று முடிவெடுத்தேன். வீட்டுக்குள் டிரம் வைக்க அம்மா விடவில்லை. அப்பா பால் சங்கத்துச் செயலாளர்; சங்கத்தின் பின்னறை எப்போதும் குளுகுளுவென்று இருக்கும். அவரிடம் கேட்காமலே அங்கே ஒரு நீல டிரம்மை வைத்தேன். ஆற்றுத் தண்ணீர், கல்லுப்பு, மருந்துக்கடைப் பேதி உப்பு, இன்னும் ஒரு சிட்டிகை அது, ஒரு சிட்டிகை இது. மூங்கில் கம்பால் பையக் கலக்குவேன். மங்கலாகச் சுழலும் தண்ணீர் மெல்லத் தெளியும். காற்று மோட்டாரின் குமிழிகள் முணுமுணுக்கும். ஜன்னலில் பொதிகை மலை தெரியும். நான் நடுக்கடலில் இருப்பேன். ஆறு இத்தனை ஊர் தாண்டிப் போய்ச் சேரும் கடலை மலையடியிலேயே பிடித்துவிட்டோமென்ற பெருமை வேறு.

உப்பு சரியா என்று பார்க்க ஒரு கருவி வேண்டும். சங்கத்தில் லாக்டோமீட்டர் இருந்தது. பாலில் தண்ணீர் கலந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் மிதக்கும் கண்ணாடிக் குழல். நல்ல பாலில் இருபத்தெட்டு, முப்பது காட்டும். கடல்நீர் இருபத்தைந்து காட்ட வேண்டும். அன்று காலை சரியாக இருபத்தைந்து! அந்த ஆனந்தத்தில் அதை டிரம்மிலேயே மிதக்கவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது டிரம்மைச் சுற்றிக் கூட்டம். நடுவில், திடீர்ச் சோதனைக்கு வந்த பால் இன்ஸ்பெக்டர்.

"வெறும் தண்ணி. ஆனா கிட்டத்தட்டப் பால் அளவு காட்டுது. இதைக் கலந்தா எந்த மீட்டரும் கண்டுபிடிக்காது. யாருய்யா இந்த மூளைக்காரன்?"

அப்பா முகத்தில் ரத்தமே இல்லை. இத்தனை வருடத்தில் ஒருவரிடமும் ஒரு சொல் கேட்காத மனிதர். வேலை போவது இருக்கட்டும், பாலில் உப்புத்தண்ணி விட்டவர் என்ற பெயரோடு அந்த ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பார்?

"ஏலே, என்னலே இது?"

"மீனுக்குப்பா... கடல்தண்ணி. கல்லுப்பும் பேதி உப்பும்..."

"பேதி உப்பா!" பால் ஊற்ற வந்த பேச்சியக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அதான் ரெண்டு நாளா வீட்டுக்கும் கொல்லைக்குமா அலையுதேன்!" (அவள் தின்று தீர்த்த பலாப்பழத்தைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.)

"மீன் எங்க? காட்டு" என்றார் இன்ஸ்பெக்டர்.

எல்லோரும் வீட்டுக்குப் போனோம். தொட்டியில் தண்ணீர் இருந்தது, கல் இருந்தது. மீனைக் காணோம். கூச்சக்கார மீன், ஆளரவம் கேட்டால் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

"சத்தமில்லாம இருந்தா வரும் சார்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா தரையில். பேச்சியக்காவும் பால்காரர்கள் நாலைந்து பேரும் கதவோரம். தொட்டி வெளிச்சம் நெளிந்து நெளிந்து சுவரெல்லாம் அசைந்தது. கல்லின் மேல் சுருங்கிக் கிடந்த மொட்டுகள் ஒவ்வொன்றாக விரிந்து, இளஞ்சிவப்பு விரல்களை நீட்டித் தண்ணீரைத் தடவின.

"ஏயப்பா, கல்லு பூக்குதே!" பேச்சியக்கா கிசுகிசுத்தாள்.

அப்பாகூட வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஊர், சங்கம், சோதனை எல்லாம் எங்கோ கரைமேல் இருந்தன. நாங்கள் கடலுக்கு அடியில் இருந்தோம். எவ்வளவு நேரமென்று தெரியாது. மீன் சாவகாசமாக வெளியே வந்து, கண்ணாடியோரம் நின்று, இன்ஸ்பெக்டரை ஏற இறங்கப் பார்த்தது.

அவர் தூக்கம் கலைந்தவர்போலத் தொண்டையைச் செருமினார். "சரி, மீன் இருக்கு. மிச்சத் தண்ணிய இவன் பால்ல ஊத்தலங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?"

அப்பா எழுந்தார். "சார், கலப்படம் பண்ணணும்னா சாமர்த்தியம் வேணும். இவனுக்கு அது கெடையாது. பெத்தவன் நான் சொல்லுதேன்."

"அது வாஸ்தவந்தான் சார்" என்றாள் பேச்சியக்கா. பால்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் தலையாட்டினார்கள். யாராவது ஒருவர் மறுத்துப் பேசுவாரென்று கடைசிவரை எதிர்பார்த்தேன். இன்ஸ்பெக்டர் என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். அவருக்கும் சந்தேகம் தீர்ந்துவிட்டது. பேருக்குப் பாலையும் சோதித்து, நன்றாக இருக்கிறதென்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சில வருடம் கழித்து எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா ஊருக்குள் வந்து, பையன் எப்படியென்று காதும் காதும் வைத்தாற்போல விசாரித்திருக்கிறார். கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில்: "தங்கமான பையன் அண்ணாச்சி. பால்ல தண்ணி ஊத்தக்கூடச் சாமர்த்தியம் கெடையாது." அன்று மாலையே சம்மதம் சொல்லி அனுப்பிவிட்டார்.

இன்றைக்கும் நாலு பேர் முன்னால் என் புத்திசாலித்தனத்தைப் பற்றி நான் வாயெடுத்தால், என் மனைவி முந்திக்கொள்கிறாள்.

"அது இல்லன்னு விசாரிச்சுத்தானே எங்கப்பா என்னயக் கட்டிக் குடுத்தாவ!"