தையலுக்கு விட்ட கால் அங்குலம்

மகனுடைய பதினொரு சட்டைகளில் ஒன்றின் மீதும் கத்தி படக்கூடாது என்று பிழைதிருத்தி முடிவெடுத்தபோது காலை மணி ஏழு. அந்த முடிவை மனைவியிடம் சொல்லக்கூடாது என்று இன்னொரு முடிவெடுத்தபோது ஏழேகால். முப்பது வருஷத் தாம்பத்தியம் ஒரு மனிதனுக்கு இவ்வளவு விவேகமாவது தராவிட்டால் எப்படி?

அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர் அவர். மனைவி தையல்காரி. தையல் என்றால் பெண் என்றும் பொருளுண்டு. ஊசி இல்லாமலும் குத்தக்கூடியவர்கள் என்பது அகராதிக்காரர்கள் எழுதாமல் விட்ட பொருள்.

மகன் போய்ப் பத்து மாதம் ஆகிறது. மூன்றே நாள் காய்ச்சல். அவனுடைய சட்டைகளைத் துண்டுபோட்டு ஒட்டுப்போர்வை தைக்கப்போவதாக அவள் முந்தின நாள் அறிவித்தாள். அதற்காக, பொழுதுபோக்காக ஒட்டுப்போர்வை தைக்கும் மாடிவீட்டுப் பல் டாக்டரம்மாவிடமிருந்து, துணியை உருட்டி வெட்டும் ஒரு சக்கரக் கத்தியையும் வாங்கி வந்திருந்தாள்.

"ஒரே உருட்டுல ஆறு துணி அறுக்குமாம்" என்றாள்.

"ஆறா?" பிழைதிருத்தி மனசுக்குள் கணக்குப் போட்டார். அப்படியானால் இரண்டு உருட்டில் மகனே தீர்ந்துபோவான். "சேச்சே, அது அவசரக்காரன் ஆயுதம். அட்டைதான் முறை. சதுரமா அட்டை வெட்டி, அதைத் துணி மேல வெச்சு, சுத்திக் கோடு போட்டு, கத்தரிக்கோலால ஒவ்வொண்ணா..."

"இருநூத்தி இருபது துண்டுங்க!"

"இருக்கட்டுமே. ரயிலா பிடிக்கணும்?"

"அட்டையை யாரு செய்யறது?"

"நான்தான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி. வெட்டியாத்தானே இருக்கீங்க."

வெட்டியாக இருப்பவர் வெட்டாமலிருக்கச் செய்த சூழ்ச்சி இப்படியாக வென்றது. முதல் அட்டை ஒரு மயிரிழை கோணல் என்று தள்ளப்பட்டது. இரண்டாவது மழைக்கு நமுத்தது. மூன்றாவது கோடு போடப் போட ஓரம் தேயும் என்று தேயுமுன்பே ஓய்வு பெற்றது.

"ஏங்க, சதுரத்துக்கு நாலு பக்கந்தானே?"

"நாலு பக்கத்துலயும் நாலு பிழை இருக்கலாம்."

"பிழைக்கத் தெரியாதவருக்குப் பிழை மட்டும் நல்லாத் தெரியும்."

கால் அங்குலம் மட்டும் எட்டு நாளை விழுங்கியது. சக்கரக் கத்தியால் வெட்டும் அளவில், துண்டுகளை இணைக்கும் தையலுக்காக ஓரத்தில் விடும் கால் அங்குலமும் சேர்ந்தே இருக்கும். அட்டையைச் சுற்றிப் போடும் கோடோ தையல் விழும் கோடு. அதற்கு வெளியே கால் அங்குலத்தைக் கண்ணளவில் விட்டு வெட்ட வேண்டும். இந்த வேறுபாட்டை அவர் அவளுக்குப் படம் வரைந்து, காலையும் மாலையும் விளக்கினார். அவளும் புதிதாய்க் கேட்பவள் போலக் கேட்டுக்கொண்டாள்.

"அட்டையோட அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டீங்களே" என்றாள் ஒருநாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அலமாரியில வெச்சுப் பூட்டினா யாருக்கு லாபம், சொல்லுங்க? பூச்சிக்கா? பதினொண்ணையும் ஒரே நேரத்துல கட்டிக்க முடியலீங்க. போர்வைன்னா முடியும்."

அவர் அடிக்கோலை எடுத்து அட்டையை மறுபடி அளந்தார். பதில் சொல்லியிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார்: முழுச் சட்டையாக இருந்தால் என்றைக்காவது ஒருவன் வந்து போட்டுக்கொள்ளலாம். துண்டுகளைப் போட்டுக்கொள்ள எவன் வருவான்? படித்த மனிதர் வாய்விட்டுச் சொல்லக்கூடிய வாதமில்லை அது.

பன்னிரண்டாவது அட்டையில் குறை சொல்ல அவராலேயே முடியவில்லை. அவள் கட்டம்போட்ட பழுப்புச் சட்டையை மேஜையில் விரித்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பென்சில் ஓடுவது கேட்டது. பிறகு கத்தரிக்கோல்.

திரும்பிப் பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் நாற்பது வருஷம் பிழை பார்த்த கண்.

ஒரு பக்கம் அரை அங்குலம் விட்டிருந்தாள். எதிர்ப்பக்கம் நூலிழை.

"என்ன இது?"

"கண்ணளவுதானே சொன்னீங்க?"

இரண்டாவது துண்டு அதைவிடக் கோணல். மூன்றாவதில் கத்தரி கோட்டையே தாண்டி உள்ளே போய்விட்டது.

"ஐயோ! அவன் சட்டைம்மா அது! பாழாக்காதே! கொடு இப்படி!"

பிடுங்கினார். வெட்டினார். நாலு பக்கமும் கால் அங்குலம், அச்சடித்தாற்போல.

"பார்த்தியா? துணியைத் திருப்பணும், கையைத் திருப்பக்கூடாது."

"எங்க, இன்னொண்ணு காட்டுங்க" என்றாள். குரல் என்னவோபோல் இருந்தது. ஜலதோஷமாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

இன்னொன்று காட்டினார். அதற்குப் பிறகு ஒன்று. கைமடிப்பு அருகே ஒரு மைக்கறை வந்தது. "பரீட்சைக்குப் போன அன்னிக்குப் பேனா கக்கினது. வீட்டுக்கு வந்து என்னைத் திட்டினான், நான் வாங்கிக் கொடுத்த பேனாவாம்" என்றார். பத்து மாதத்தில் அவனைப் பற்றி அவர் வாய்விட்டுச் சொன்ன முதல் ஞாபகம் அது. சொல்லிக்கொண்டே கறை நடுவில் வரும்படி அட்டையை நகர்த்தி வைத்துக் கோடு போட்டு வெட்டினார். அவள் துண்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி, உள்ளங்கையால் நீவி அடுக்கினாள்.

பள்ளிச் சீருடைக் கடையில் இருபத்தாறு வருஷம் தினம் நூறு சட்டைக்குத் துணி வெட்டியவளுக்குக் கால் அங்குலம் விடத் தெரியாமல் போகுமா என்ற சந்தேகம், ஒரு முழுச் சட்டையை வெட்டி முடித்த பிறகுதான் பிழைதிருத்திக்கு வந்தது.