கோப்பைக்குப் பின்னால் பாதி முகம்

பேனாவைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல் பதறுகிற படித்த மனிதர் சிதம்பரத்தில் ஒருவர்தான் உண்டு. பல்கலைக்கழகத்தின் பழைய ஆவண அறையைப் பார்த்துக்கொள்ளும் பென்சில் சார். புகைப்படத்தின் பின்புறம் பேனா பட்டால் முன்பக்கம் மை ஊறிவிடுமாம். எதிரே வருகிறவர் பேனாவைப் பிடுங்கிக்கொண்ட பிறகுதான் வணக்கமே சொல்வார். பென்சிலில் எழுதுவார், ஆனால் ரப்பர் வைத்திருக்க மாட்டார். “அழிக்கிற மாதிரி நான் எழுதறதே இல்லம்மா” என்பார்.

படத்தில் இருக்கிறவர்களெல்லாம் ஊருக்குள் நடமாடும்போது படம் மட்டும் பீரோவில் ஏன் கிடக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கொடிக்கயிறும் கிளிப்பும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பழைய விடுதிப் படங்களைத் துணி காயப்போடுவதுபோல மாட்டி, போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திப் பெயர் கேட்பார். வடலூர்த் தைப்பூசக் கூட்டத்தில் மாட்டியபோது, காணாமல் போனவர்களின் படங்கள் என்று நினைத்து விசாரிக்க வந்த போலீஸ்காரர் தன் அப்பாவை அதில் கண்டுபிடித்து, அரை மணி நேரம் அங்கேயே நின்றாராம்.

இதெல்லாம் என் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அங்கே வரலாறு படிக்கிற அவள் அவருக்குக் கயிறு கட்டப் போனாள். அன்றிலிருந்து வாயைத் திறந்தால் சார்தான். கடலூரிலிருந்து நான் போன் செய்து காய்ச்சல் விட்டதா என்று கேட்டால், சார் எந்தப் படத்தில் யாரைக் கண்டுபிடித்தார் என்று பதில் வரும். எனக்கு வயிறு எரிந்தது. பெற்றவள் நான். நானும் அதே விடுதியில் மூன்று வருடம் இருந்தவள்தான். பரிசு என்று அங்கே நான் வாங்கியது அம்மை ஒன்றுதான் என்பது வேறு விஷயம்.

ஒருநாள் நேரில் போனேன். கயிற்றில் பெண்கள் ஓட்டப்பந்தய அணியின் படம் தொங்கியது. மூன்றாவது பெண்ணின் பாதி முகம் கோப்பைக்குப் பின்னால்.

“இவுங்க மட்டும் யாருன்னே தெரியலம்மா” என்றாள் மகள்.

“நான்தான்டி” என்றது என் வாய்.

மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். சார் என் பெயரைப் பென்சிலால் எழுதிக்கொண்டார். அதன்பிறகு மகளிடமிருந்து ஒரு நாளைக்கு மூன்று போன் வந்தது.

போன மாதம் எங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கயிறு கட்டினார்கள்; நானும் போயிருந்தேன். மங்கலம்பேட்டையிலிருந்து வந்த ஓர் அம்மாள் படத்தருகே போய், “இது நானாச்சே” என்றார். பின்பக்கம் திருப்பி, என் பெயரை உரக்கப் படித்தார். மகள் என்னைப் பார்த்தாள். விழாத கிளிப் ஒன்றைத் தேடி நான் கீழே குனிந்தேன்.

பென்சில் சார் பக்கத்துக் கடையில் ரப்பர் கடன் வாங்கி வந்தார். “நான்தாம்மா ஆள மாத்தி எழுதிட்டேன். வயசு ஜாஸ்தியாயிடுச்சு” என்று தன் தலையில் குட்டிக்கொண்டே அழித்தார்.

கூட்டம் கலைந்ததும் ஏன் சார் என்று கேட்டேன்.

“பொண்ணு பாத்துக்கினு இருந்திச்சில்ல” என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் மகளிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

இப்போது ஞாயிறுதோறும் நானும் கயிறு பிடிக்கிறேன். சார் எனக்குப் போன் செய்யாமல் மகளுக்கு முதலில் செய்துவிட்டால் மட்டும் வயிறு எரிகிறது.