கமுக்கக்காரரின் விண்ணப்பம்

கமுக்கக்காரர் என்று ஓர் இனம் நம்மிடையே பெருகிக்கொண்டு வருகிறது. எத்தனை பேர் என்று கணக்கெடுக்க முடியாது. கேட்டால் தாங்கள் அந்த இனமே இல்லை என்றுவிடுவார்கள். நன்றாகப் படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள், இதைவிட நல்ல வேலைக்குத் தாவுவதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். உள்ளூரிலும் இருப்பார்கள், கடல் கடந்தும் இருப்பார்கள். எதிரே வரும்போது "என்ன சார், எப்படிப் போகுது?" என்று கேட்டுப் பாருங்கள். "நமக்கென்ன சார், ஏதோ ஓடுது" என்பார். அந்த "ஏதோ"வுக்குள் இரண்டு நேர்முகத் தேர்வும் மூன்று விண்ணப்பங்களும் அவசரமாகப் புதுப்பித்த ஒரு பாஸ்போர்ட்டும் அடக்கம்.

ஆனால் அடுத்தவர் விஷயம் என்று வந்துவிட்டால் இவர் வேறு ஆள். போட்டு வாங்குவதில் இவரை மிஞ்ச முடியாது. எந்தக் கம்பெனி, எத்தனை சுற்றுத் தேர்வு, குடும்பத்துக்கும் சேர்த்து விசா தருவார்களா, பள்ளிக்கூடச் செலவை யார் ஏற்பார்கள் என்று கரிசனம் சொட்டச் சொட்டக் கேட்டு, கடைசித் துளிவரை கறந்துகொண்டு, முடிவில் ஒரு பெருமூச்சு விடுவார். "நீங்க கொடுத்து வைச்சவர் சார். எனக்கெல்லாம் அந்த ஆசையே கிடையாது." அன்று சாயங்காலமே அந்தக் கம்பெனிக்கு இவருடைய விண்ணப்பமும் போய்ச் சேர்ந்திருக்கும். எதிராளிக்கு இது தெரியவருவதற்குள் ஒரு வருஷம் ஓடிவிடும்.

இந்த இனத்தில் எனக்கு நெருக்கமாகத் தெரிந்த ஒருவரைச் சொல்கிறேன். லிஃப்ட் பரிசோதகர். உயரமான கட்டடங்களில் லிஃப்டின் கயிறு தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவு ஒழுங்காக மூடுகிறதா என்று பார்த்து, சான்றிதழில் கையெழுத்துப் போடுவது அவர் உத்தியோகம். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் முன்பின் தெரியாத ஆயிரம் பேர் தினமும் ஏறி இறங்குகிறார்கள். அவரோ யாரையும் நம்பமாட்டார். அலுவலகத்தில் பக்கத்து சீட்டுக்காரர் ஒருவர் உண்டு, வெள்ளந்தி மனிதர். தன் மகளுக்கு வரன் பார்ப்பது முதல் தான் வேலை மாற நினைப்பது வரை எல்லாவற்றையும் நம்மவரிடம் கொட்டிவிடுவார். வெளிநாட்டு நிறுவனமொன்றில் தலைமைப் பரிசோதகர் பதவி காலியாக இருக்கிறது என்ற தகவலும் அப்படிக் கொட்டியதுதான்.

அந்தப் பதவிக்குத்தான் நம்மவர் காதும் காதும் வைத்தாற்போல விண்ணப்பம் போட்டார். அதற்குப் பிறகு அவருக்கு அடிக்கடி பல்வலி வர ஆரம்பித்தது. அரை நாள் விடுப்பு, பல் டாக்டர். மறுவாரம் இன்னொரு பல். அவர் எடுத்த விடுப்பையெல்லாம் கூட்டிப் பார்த்தால் வாயில் ஒரு பல்கூட மிஞ்சியிருக்கக் கூடாது. ஆனால் முப்பத்திரண்டும் பளிச்சென்று இருந்தன. முதல் நேர்முகத் தேர்வு பல்வலியில் முடிந்தது. இரண்டாவதற்கு விடுப்பு கிடைக்காததால், ஒரு கட்டடத்தின் உச்சியில் இருக்கும் லிஃப்ட் மோட்டார் அறைக்குள் புகுந்து, கதவைத் தாழிட்டு, கிரீஸ் டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்துப் பேசினார். பின்னால் என்ன சத்தம் என்று அவர்கள் கேட்டார்கள். "மோட்டார் அறையில் இருக்கிறேன், வேலை நேரமல்லவா" என்றார். இப்படிப்பட்ட கடமை உணர்ச்சியா என்று அவர்கள் அசந்துபோனார்கள்.

சரி, வெளியாரிடம் சொல்லவில்லை. கட்டிய மனைவியிடமாவது சொல்லலாமே? அங்கேதான் நீங்கள் அவருடைய மூளையைக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். அவர் மனைவி தங்கமானவர் என்பதில் அவருக்கே சந்தேகம் இல்லை. ஆனால் மனைவிக்கு ஓர் அண்ணன் உண்டு. அண்ணனுக்கு மனைவி உண்டு. அந்த மனைவிக்கு ஒரு தங்கை உண்டு, அவளுடைய கணவரும் இதே தொழில்தான். இப்படி ஐந்தாவது வாசலில் நிற்கும் அண்ணனின் சகலபாடியை நம்பமுடியாத காரணத்தால் முதல் வாசலில் நிற்கும் மனைவிக்கும் கதவு சாத்தப்பட்டது. முடிவு தெரியட்டும், பிறகு எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லி அசத்திவிடலாம் என்பது திட்டம்.

திட்டம் நன்றாகத்தான் இருந்தது. மனைவிக்கென்று ஒரு வாழ்க்கை இருப்பதை மட்டும் அதில் சேர்க்க மறந்துவிட்டார்.

அவர் மனைவி ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். விழுந்து எலும்பு முறிந்தவர்களை மறுபடி நடக்கவைப்பது பதினான்கு வருஷமாக அவர் வேலை. அந்தப் பிரிவுக்கே தலைவராக அவரை வரச்சொல்லி நிர்வாகம் அழைத்திருந்தது. மூன்று வருஷ ஒப்பந்தம். நடுவில் விட்டுவிட்டுப் போக முடியாது. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அந்தத் தாளை விரித்துவைத்துக் கேட்டார்.

"ஏங்க, நாம இங்கதானே இருக்கப்போறோம்? வேற எதுவும் யோசனை இல்லையே?"

"அவசரப்படாதே. கொஞ்சம் யோசிச்சு சொல்லேன்."

"யோசிக்க என்ன இருக்கு? அதைச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல, சும்மாதான் சொன்னேன்."

அந்த "அவசரப்படாதே"யை நம்பி அவர் மனைவி நிர்வாகத்திடம் ஒரு மாதத் தவணை கேட்டார். பிறகு இன்னும் ஒரு மாதம் கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள்.

இதற்கிடையில், இரண்டாவது தேர்வுக்குப் பிறகு வந்த படிவத்தில் ஒரு கட்டம். உங்களோடு பணிபுரிந்து, உங்களை நன்றாக அறிந்த ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் தருக. தற்போதைய அலுவலகத்தில் உள்ளவராக இருக்கக் கூடாது. நம்மவர் இரண்டு நாள் யோசித்து, மச்சான் பெயரை எழுதினார். மச்சான் என்றால் சாட்சாத் மனைவியின் அண்ணன்தான். இருவரும் ஒரே நிறுவனத்தில் வேலை கற்றுக்கொண்டவர்கள், அந்தப் பழக்கத்தில்தான் கல்யாணமே நடந்தது. மச்சான் இப்போது வெளிநாட்டில், பெரிய பதவியில். அவர் வாயால் நல்ல வார்த்தை வந்தால் காரியம் முடிந்தமாதிரி. ஆனால் பெயர் கொடுத்திருப்பதை மச்சானிடம் சொன்னால் அது தங்கை காதுக்குப் போகுமே? ஆகவே சொல்லவில்லை. கடைசிச் சுற்றுக்கு அப்புறம்தானே விசாரிப்பார்கள், அதற்கு முந்தின நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

அவர்கள் முன்னாலேயே விசாரித்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மச்சான் வீடியோவில் வந்தார். முகத்தில் கலவரம்.

"மாப்ளே, உங்க பேர்ல எவனோ வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கான். என்னைக் கூப்பிட்டு விசாரிக்கிறாங்க. போன வாரம்கூட ஒரு மணி நேரம் பேசினோமே, அப்படி ஏதாவது இருந்தா மாப்பிள்ளை என்கிட்ட சொல்லாம இருப்பாரான்னு கேட்டேன். இது மோசடிதான்னு அடிச்சுச் சொல்லிட்டேன். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க."

நம்மவர் பெரிதாகத் தலையாட்டினார். "நல்லவேளை மச்சான்" என்றார். வேறு என்ன சொல்லமுடியும், சொல்லுங்கள்? பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தார். மறுநாள் நிறுவனத்திலிருந்து கடிதமும் வந்துவிட்டது: விண்ணப்பம் போலியோ எனச் சந்தேகம் எழுந்துள்ளது, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நீங்களே தொலைபேசியில் பேசித் தெளிவுபடுத்தவும். பேசினால் மச்சானை மறுபடி கூப்பிடுவார்கள், வீட்டுக்குத் தெரிந்துவிடும். பேசாவிட்டால் பதவி போய்விடும். மனிதருக்கு முழி பிதுங்கியது.

மனைவி புதன்கிழமை காலை கேட்டார்: "அது நிஜமாவே மோசடிதானா?" ஆமாம் என்றார். மத்தியானம் போனில், "உங்க ஆபீஸ்ல விசாரிச்சீங்களா?" என்றார். விசாரிக்கிறேன் என்றார். வியாழக்கிழமை காலை, "ஒருவேளை எப்பவோ விளையாட்டா நீங்களே அனுப்பி மறந்துட்டீங்களோ?" இந்தக் கேள்வியைப் பாருங்கள். கதவைத் திறந்து, வழிவிட்டு, நிலை இடிக்காமல் தலையைக் குனிந்து வரச்சொல்லும் கேள்வி. "எனக்கென்ன பைத்தியமா?" என்று சிரித்தார். அன்று சாயங்காலம் மறுபடி, "என்கிட்ட சொல்லவேண்டியது எதுவும் இல்லையே?" என்றபோது, பல் வலிப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு, மோட்டார் அறைக்குப் போய் அந்த நிறுவனத்தோடு பேசலாமென்று அவர் கிளம்பிய நேரம், மனைவி அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அலுவலக வாசலில் வந்து நின்றார். "வாங்க, புகார் கொடுத்துட்டு வந்துடலாம்." மறுக்க ஒரு காரணம்கூடத் தோன்றவில்லை. இணையக் குற்றங்களுக்கான புகார் மையம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. அங்கிருந்த பெண் அதிகாரி கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு படிவத்தை நீட்டினார்.

"இந்த விண்ணப்பத்தை நீங்க அனுப்பலை, அப்படித்தானே சார்?"

"அனுப்பலைங்க."

"வெளிநாட்டு வேலைக்குப் போற எண்ணமும் இல்லை?"

"இல்லைங்க."

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா? பேர் சொன்னா சீக்கிரம் கண்டுபிடிச்சிடலாம்."

அவர் ஒரு கணம் மனைவியைப் பார்த்தார், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு இருபது. பிறகு சொன்னார்: "எனக்குப் பக்கத்து சீட்ல ஒருத்தர் இருக்கார். அந்தக் கம்பெனியைப் பத்திப் பேசினதே அவர்தான்." அவருடைய பேனா தாளைத் தொட்டு, பெயரின் முதல் எழுத்து விழுந்துவிட்டது.

மனைவி அந்தப் படிவத்தைக் கையோடு இழுத்துக்கொண்டார். "மன்னிச்சுக்கோங்க மேடம், நாங்க வீட்ல இன்னும் ஒருதடவை பார்த்துட்டு வர்றோம்" என்றார் அதிகாரியிடம். விறுவிறுவென்று மாடிப்படியில் இறங்கினார். கீழே வந்ததும் படிவத்தை நாலாகக் கிழித்தார்.

"அந்த மனுஷன் உங்களுக்கு என்ன பாவம் செஞ்சார்?"

"நான் ஒரு சந்தேகத்துலதான்..."

"போதும். கம்பெனிக்காரங்க அண்ணனுக்குக் காட்டின விண்ணப்பத்தோட முதல் பக்கத்தை அவர் செவ்வாய்க்கிழமையே எனக்கு அனுப்பிட்டார். அதுல இருக்கிற போட்டோ நான் எடுத்தது. ஆபீஸ் அட்டைக்குன்னு நம்ம ஜன்னல்கிட்ட நின்னு எடுத்துக்கிட்டீங்களே, அது. என் போனையும் உங்க போனையும் தவிர வேற எங்கயும் கிடையாது."

அவர் திருதிருவென்று விழித்தார். "தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தே?"

"சும்மா இருந்தேனா? நாலு தடவை கேட்டேன். நீங்களா சொல்லுவீங்கன்னு இன்னைக்குக் காலைவரைக்கும் பார்த்தேன். சொல்லியிருந்தா அந்தப் பதவியை வேண்டாம்னுட்டு உங்களோட கிளம்பி வந்திருப்பேன், நிச்சயமா வந்திருப்பேன். பத்து மணிக்கு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். மூணு வருஷம்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "அஞ்சு மணிவரைக்கும் உங்களுக்கு நேரம் கொடுத்திருக்காங்களாமே, அண்ணனுக்கும் சொன்னாங்களாம். கூப்பிட்டு நான்தான் அனுப்பினேன்னு சொல்லுங்க. தாராளமா போயிட்டு வாங்க."

பஸ் வந்தது, மனைவி ஏறிப் போய்விட்டார்.

நம்மவர் கூப்பிட்டார். கூப்பிடாமல் இருப்பாரா? மறுமுனையில் பேசிய பெண்மணி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, வருத்தப்பட்டுக்கொண்டு, வழியும் சொன்னார். பதவி அநேகமாக உங்களுக்குத்தான் ஐயா. ஆனால் நீங்கள் பெயர் கொடுத்தவருக்கே உங்களைச் சரியாகத் தெரியவில்லை. உங்களை நன்றாகத் தெரிந்த வேறொருவர் பெயரைச் சொல்லுங்கள், இப்போதே பேசி முடித்துவிடுகிறோம்.

நடைபாதையில் நின்றபடி அவர் போனில் இருந்த பெயர்களை மேலும் கீழுமாகத் தள்ளினார். பழைய மேலதிகாரி இருந்தார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லித்தான் அவரிடமிருந்து விலகி வந்திருந்தார். கூடப் படித்தவன் இருந்தான்; அவனிடம் தொழிலையே விட்டுவிட்டுக் கடை வைக்கப்போவதாகச் சொல்லி வைத்திருந்தார். முன்பு கூட வேலை பார்த்தவர் ஒருவர். அவரைப் பொறுத்தவரை இவர் பதவி உயர்வையே வெறுக்கும் சாமியார். ஒவ்வொருவரும் நல்லவர்கள், கேட்டால் உண்மையைத்தான் சொல்வார்கள். அவர்களிடம் இருந்த உண்மை எல்லாமே இவர் கொடுத்ததுதான், ஒன்றுக்கொன்று ஒட்டாது. பெண்மணி இரண்டு தடவை "ஐயா, இருக்கிறீர்களா?" என்று கேட்டார். மணி ஐந்தடித்தபோது அவர் இன்னும் பெயர்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள், தெரிகிறது. சிரிப்பது இருக்கட்டும், ஒரு தாளை எடுத்து, உங்களை நன்றாகத் தெரிந்தவர் ஒருவருடைய பெயரை எழுதுங்கள். சட்டென்று எழுதிவிட்டீர்களா? சந்தோஷம். இப்போது அவரைக் கூப்பிட்டு, அடுத்த வருஷம் நீங்கள் என்ன செய்வதாக இருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.