றாத்தல் மாஸ்டரின் பதினொரு மாத எம்.ஏ.

இலங்கை மலைநாட்டில், ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை வரைக்கும் தேயிலைத் தோட்டங்களில் எத்தனையோ தராசுகள் தொங்கின. அத்தனையும் சேர்ந்து ஒரு வருடம் எடைபோட்டதை எங்கள் றாத்தல் மாஸ்டர் ஒரே வாரத்தில் தனி ஆளாகப் போட்டுவிடுவார். தேத்தண்ணீருக்கு இன்னொரு கரண்டி சீனி வேண்டுமா வேண்டாமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் கோப்பையில் ஆடை கட்டிவிடும்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. நோர்வூட்டில் காசிம் நானாவின் பலசரக்குக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் நானும் அவரும் தங்கி, ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தோம். அவருடைய சொந்தப் பெயர் பள்ளிக்கூடத்து இடாப்புப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அவருடைய அப்பா, கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் தராசு தூக்கியவர். மழை நாளில் கொழுந்து நனைந்து கனக்கும் என்பதால், கணக்கப்பிள்ளை ஒவ்வொரு கூடையின் எடையிலும் "தண்ணிக்கு ரெண்டு றாத்தல்" என்று கழித்துவிட்டுத்தான் பதிவார். மாஸ்டர் அந்த வழக்கத்தை அப்படியே வாழ்க்கைக்கு எடுத்துக்கொண்டார். யார் என்ன நல்ல செய்தி சொன்னாலும் அவருக்கு ஒரே பதில்தான். "அது நனைஞ்ச கொழுந்துங்க. ரெண்டு றாத்தல் கழிச்சுப் பாருங்க." எனக்குக் கல்யாணம் நிச்சயமான அன்றும் இதைத்தான் சொன்னார். மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை.

சனிக்கிழமைகளில் வட்டகொடைக்குப் போவார். மனைவி மீனாட்சி அக்கா அவருக்கு அத்தை மகள். அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளோடு, தொழிலாளர்களுக்கான லயத்து வரிசை வீடொன்றில் இருந்தார்கள். ஒருமுறை வட்டகொடையில் ரயில் நின்றபோது மழை கொட்டியது. மாஸ்டரிடம் குடை இல்லை. இறங்கினால் நனைவோம், இறங்காவிட்டால் அவள் காத்துக்கொண்டிருப்பாள் என்று ஆசனத்தில் உட்கார்ந்தபடியே இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்த்தார். பார்த்து முடித்தபோது நானுஓயாவில் இருந்தார். அங்கே மழை இன்னும் பலம்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் அந்தக் கடிதம் வந்தது. ஏற்கெனவே, கல்லூரிக்குப் போகாமலே வெளிவாரியாக பி.ஏ. எழுதிப் பாஸ் செய்திருந்தார். தமிழ்நாட்டில் ஒரு கல்லூரி, பல வருடம் படிப்பித்தவர்களுக்கு என்று இரண்டு வருட எம்.ஏ.யைப் பதினொரு மாதத்தில் நடத்துவதாகவும், அவருக்கு இடம் இருப்பதாகவும் எழுதியிருந்தது. ஒரு மாதத்துக்குள் பதில் வேண்டுமாம்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். புதுச் சட்டத்தால் நாடில்லாமல் போன தோட்டத்துத் தமிழர்கள் பலரையும்போல, மாஸ்டரும் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். அவர், மனைவி, பிள்ளைகள் நாலு பேருக்கும் அந்த ஒரே மனுதான். ஒரேயடியாகப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் மனு செல்லாது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆக, சாதாரண எம்.ஏ. அவருக்குக் கிடையவே கிடையாது. இந்த அவசர எம்.ஏ. ஒன்றுதான் வழி. ஆனால் அதில் ஒரு பேப்பர் கோட்டைவிட்டாலும் மறுபரீட்சைக்குத் தங்க வேண்டிவரும். தங்கினால் பன்னிரண்டு மாதம் தாண்டிவிடும்.

"ஒண்ணு, ஃபெயிலான மாஸ்டரா திரும்பி வரணும். இல்லாட்டி நாடு இல்லாத எம்.ஏ.வா அங்கயே கெடக்கணும்" என்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து காசிம் நானாவின் கடைத் தராசுக்கு ஓய்வில்லை. ஒவ்வொரு நன்மைக்கும் இடது தட்டில் ஒரு கொட்டைப்பாக்கு, ஒவ்வொரு பயத்துக்கும் வலது தட்டில் ஒன்று. எம்.ஏ. என்றால் பெரிய வகுப்புகள் கிடைக்கும், குடும்பத்தை லயத்திலிருந்து கூட்டி வரலாம், ஒரு வருடம் மிச்சம் என்று இடது பக்கம் ஏறும். உடனே தண்ணீருக்கு இரண்டு பாக்கைக் கழிப்பார். வலது பக்கம் பரீட்சை பயம், கப்பல் பயம், அவர் இல்லாத நேரத்தில் விசாரணைக்கு அழைப்பு வந்துவிடுமோ என்ற பயம். போதாததற்கு, அவசர எம்.ஏ.யை யார் மதிப்பார்கள், அது வாட்டாமல் அரைத்த கொழுந்து மாதிரி ஆகிவிடாதா என்று மேலும் ஒரு பாக்கு. ஒருநாள் மாலை நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வலது தட்டு காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சிக்கோங்க மாஸ்டர்" என்றார் நானா. "ஒங்கட பயம் அம்புட்டையும் ஒரு கிழவருக்கு வித்துட்டேன்."

மாஸ்டர் பாக்குச் சாக்குக்குள் கையை விட்டு, தன் பயங்களைத் திரும்பவும் எண்ணி எடுத்தார். இரண்டு கூடுதலாகவே எடுத்தார்.

கெடுவுக்கு நாலு நாள் இருக்கும்போது என்னையும் இழுத்துக்கொண்டு வட்டகொடைக்குப் போனார். அவர் சொன்னதையெல்லாம் மீனாட்சி அக்கா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டார்கள். பாக்குக் கதை வந்ததும் ஊதுவதை நிறுத்தினார்கள்.

"நல்லதுல மட்டும் தண்ணிக்குக் கழிக்கிறீங்க. பயத்துல ஏன் கழிக்கல?"

மாஸ்டர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார்.

"எது ரொம்ப நனையும்? பயந்தானே? அதுலயும் ரெண்டு றாத்தல் கழிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அக்கா மறுபடியும் அடுப்பை ஊதத் தொடங்கினார்கள்.

அடுத்த மாதமே மாஸ்டர் தலைமன்னாரில் கப்பல் ஏறிவிட்டார். போகும்போது, நாட்டுக்கு வெளியே எத்தனை நாள் ஆயிற்று என்று கோடு போட்டுக்கொள்ள ஒரு தனிக் கொப்பி கொண்டுபோனார். வாரம் ஒரு கடிதம் வரும். அதில் படிப்பைப் பற்றி இரண்டு வரி, "அழைப்பு ஏதும் வந்ததா?" என்று ஆறு இடத்தில்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது அது வந்தேவிட்டது. நீளமான உறை, கடை விலாசத்துக்கு. பரீட்சை நடக்கும் அதே வாரத்தில் விசாரணை. மனுதாரர் நேரில் வராவிட்டால் மனு தள்ளுபடியாகும். இரண்டு நாள் தபாலகத்து வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினேன். தந்தி அடித்தால் மனிதர் படிப்பை எறிந்துவிட்டு ஓடி வருவார். அடிக்காவிட்டால் நாலு பேருடைய நாடு போய்விடும். மாஸ்டரைக் கேலி செய்த எனக்கு அப்போதுதான் ஒன்றை நிறுப்பது என்ன பாடு என்று புரிந்தது. உறையை எடுத்துக்கொண்டு வட்டகொடைக்கு ஓடினேன்.

நான் படித்துக் காட்டியதை அக்கா இரண்டு தரம் கேட்டார்கள். 

"தந்தி வேணாம் தம்பி. அந்த மனுவுல நானும் இருக்கேன்ல? நான் போறேன்."

அன்று காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போகாமல், பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு, மாஸ்டர் படிக்கப் போயிருப்பதாகத் தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடும், மனுக் காகிதங்கள் இருந்த மாஸ்டரின் தகரப் பெட்டியோடும் வந்தார்கள். துணைக்கு நான். விசாரணை அலுவலகத்து வாங்கில் எங்களுக்கு முன்னால் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போனவர்கள் வெளியே வந்த முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. எங்கள் முறை வந்ததும், இந்தியாவுக்குப் போனவர் திரும்பி வருவார் என்பதற்கு என்ன நிச்சயம் என்று அதிகாரி கேட்டார். பெட்டி நிறைய இருந்த காகிதங்களை நான் அவசரமாகக் கிளறினேன். அதற்குள் அக்கா பேசிவிட்டார்கள்.

"அவரு வட்டகொடையில எறங்குறதுக்கே நானுஓயா வரைக்கும் யோசிக்கிறவருங்க. வேற நாட்டுல குடியேறணும்னா யோசிச்சு முடிக்க முப்பது வருசம் ஆகும். படிச்சு முடிச்சதும் வந்துருவாருங்க."

மொழிபெயர்ப்பவர் இதை எப்படிச் சொன்னாரோ தெரியாது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அக்காவையும் பிள்ளைகளையும் பார்த்தார். பிறகு ஆறு வாரம் தள்ளி ஒரு தேதி போட்டுக் கொடுத்தார்.

பதினொன்றரை மாதத்தில் மாஸ்டர் ஹட்டன் ஸ்டேஷனில் வந்து இறங்கினார். ரயில் சரியாக நிற்பதற்குள்ளேயே குதித்தார். முதல் கேள்வி, அழைப்பு வந்ததா என்பதுதான்.

"வந்துச்சு. நான் போயிட்டு வந்துட்டேன். அடுத்த வாரம் நீங்க போகணும்" என்றார்கள் அக்கா.

மாஸ்டர் ட்ரங்குப் பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு ஏன் ஒரு வரி எழுதல?"

"எழுதியிருந்தா நிறுக்க ஆரம்பிச்சிருப்பீங்க. பரீட்ச எழுதியிருக்க மாட்டீங்க."

"நெசந்தான்" என்றார் மாஸ்டர். அதிலிருந்து எதையும் கழிக்கவில்லை. பிளாட்பாரத்தில் அத்தனை பேர் பார்க்க, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சொல்ல வெட்கமில்லை, நானும் அழுதேன்.

எம்.ஏ. பாஸாகிவிட்டது. பிரஜாவுரிமையும் கிடைத்தது. அன்று அதே வாங்கில் எங்களோடு உட்கார்ந்திருந்த பல பேருக்குக் கிடைக்கவில்லை என்பதை மாஸ்டர் கடைசிவரை சொல்லிச் சொல்லி வருந்தினார். அவரை எம்.ஏ. என்று ஒருவரும் கூப்பிடவில்லை. கடைசிவரை அவர் றாத்தல் மாஸ்டர்தான்.

இந்த வயதில் எனக்கும் பயங்கள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் தண்ணீருக்கு இரண்டு றாத்தல் கழித்துவிட்டுத்தான் சுமக்கிறேன். அந்த மனிதர் மேல் எனக்கு இருக்கும் பிரியத்தில் மட்டும் இன்றுவரை ஓர் அவுன்ஸ்கூடக் கழிக்க மனம் வந்ததில்லை.