மஞ்சள் பெட்டிக்குள் என்ன நிறம்?

ஞாயிற்றுக்கிழமை பொன்னேரியில் பழம்பொருள் கண்காட்சி. அதுவரைக்கும் அந்த மஞ்சள் பெட்டி மேல் ஈ உட்காரக்கூடாது, எறும்பு ஏறக்கூடாது, முக்கியமாகப் பெண்டாட்டி மூச்சுப் படக்கூடாது என்று பூவரசன் முடிவு கட்டிவிட்டான்.

கோட்டைக்குப்பத்தில் மற்ற ஆம்பிளைகள் வலை சேர்ப்பார்கள். சிலர் வம்பு சேர்ப்பார்கள். பூவரசன் பென்சில் சேர்த்தான். சும்மா எழுதுகிற பென்சில் இல்லை. பள்ளிக்கூடத்துப் பொன்விழா, பாங்கு திறப்புவிழா, கலங்கரை விளக்கத்து நூற்றாண்டு என்று ஏதாவது ஒரு விழாவுக்குப் பேர் பொறித்து, பெட்டி போட்டுக் கொடுத்த பழைய பென்சில். பெட்டியும் கிழிந்திருக்கக் கூடாது, பென்சிலும் சீவியிருக்கக் கூடாது. பீரோவின் நடுத்தட்டு முழுக்க அதுதான். முன்னே அந்தத் தட்டில் இருந்த பெண்டாட்டி ஹேமாவதியின் பட்டுப்புடவை இப்போது கொடியில் கருவாட்டு வாசம் பிடித்துக்கொண்டிருந்தது.

அத்தனைக்கும் ராஜா அந்த மஞ்சள் பெட்டி. எப்போதோ மூடிவிட்ட ஒரு வலைக் கம்பெனி தன் வெள்ளிவிழாவுக்குக் கொடுத்தது. மேலே பாய் விரித்த படகுப் படம். சுற்றி ஒட்டிய காகிதப் பட்டை ஐம்பது வருஷமாகப் பிரியவில்லை. உள்ளே ஒரு டஜன் பென்சில். என்ன நிறம்? யாருக்கும் தெரியாது. பழம்பொருள் வாட்ஸப் குழுவில் ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள். பூவரசன் தினமும் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பான். கடகட என்னும். நிறம் மட்டும் சொல்லாது.

"இன்னாய்யா, உள்ள இன்னா கலரு?" என்றாள் ஹேமாவதி.

"தெரியாது."

"தெரியாத சாமானையா ஊர் பாக்க வெக்கப் போற?"

"தெரியாததாலதான் அதுக்கு மதிப்பே. பிரிச்சா போச்சு."

"கண்ணாலத்துக்கு முன்னாடி உன்னையும் எனக்குத் தெரியாது. அப்ப உனக்கும் நல்ல மதிப்பு இருந்திச்சு."

பூவரசன் பெட்டியை ஆட்டினான்.

"நம்ம பொண்ணு பூவிழி பென்சிலப் பாரு, நெத்திலித் தலை அளவுல நிக்குது. நூத்தி நாப்பது வெச்சிருக்கியே, ஒண்ணு குடேன்."

"சீவுற பென்சிலா இது? கடையில புதுசு வாங்கியாறேன்."

"ஒரு மாசமா வாங்கினுதான் வர. போறப்ப பொண்ணுக்குப் பென்சில்னு போற, வரப்ப உனக்குப் பென்சிலோட வர. இல்ல, என் பீரோத் தட்டையாவது திருப்பிக் குடு."

பூவரசன் யோசித்தான். யோசித்தால் அவனுக்கு எப்போதும் தன்னைப் போல் புத்திசாலி ஊரில் இல்லை என்றே தோன்றும்.

"பாடு போட்டுக்கலாம்" என்றான்.

ஏரி முகத்துவாரத்தில் இறால் நன்றாகப் படுகிற இடம் கொஞ்சம். இன்றைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை என்று ஊர் பிரித்துக் கொடுக்கும். அதுதான் பாடு. போன வாரம் அங்கமுத்து நாள் மறந்து பூவரசன் முறையில் வலை போட்டுவிட்டான். கூடை கூடையாக எறா. மீனவர் சங்கத்தில் பூவரசன் தொண்டை கிழியக் கத்தினான்: "யாரு வலையா இருந்தா இன்னா? பாடு யாருதோ, பட்டது அவனுது! வலைய வேணா திருப்பிக் குடுக்கறேன்!" வலையைக் கொடுத்தான். எறாவை வைத்துக்கொண்டான்.

"ஆறு நாள் தட்டு எனக்கு. வெள்ளிக்கெழம உனக்கு. அன்னிக்கும் பெட்டிங்க பாட்டுக்கு ஓரமா இருக்கட்டும்" என்றான் பூவரசன்.

"சங்கத்துல பேசினியே, அதே சட்டம்தானே?"

"அதே சட்டம்!"

பக்கத்து வீட்டு ரங்கம்மாள் சாட்சி. ஆறுக்கு ஒன்று! சங்கத்தில்கூட இப்படி ஒரு பாடு கிடைக்காது என்று பூவரசன் மீசையைத் தடவிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை பகல். ஏரியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான். வாசலில் ஹேமாவதியும் ரங்கம்மாளும் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"பச்சைனு நெனைக்கவே இல்லக்கா" என்றாள் ஹேமாவதி.

"இன்னா பச்சை?" என்றான் பூவரசன்.

"ஒண்ணுமில்ல. நீ கால் கழுவு."

"பெட்டியப் பிரிச்சியா?"

"பிரிச்சிருந்தா தெரியாதா உனக்கு? நீதான் பெரிய ஆளாச்சே."

ஓடிப்போய்ப் பீரோவைத் திறந்து பெட்டியை எடுத்தான். பட்டை அப்படியே இருந்தது. ஆனால் ஓரத்தில் ஒரு சுருக்கம். நேற்று இருந்ததா? போனில் எடுத்து வைத்திருந்த படத்தைப் பெரிதாக்கினான். அந்த இடத்தை மறைத்தபடி சரியாக அவன் கட்டைவிரல்.

"சோத்துப் பசை போட்டு ஒட்டினியா?"

"சோத்துப் பசைன்னா எறும்பு வருமே. வந்திச்சா?"

ஒரு எறும்பு வந்தது. அந்த வீட்டில் எப்போதும் வருகிற எறும்புதான். ஆனாலும் அது எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தான்.

"பன்னெண்டும் பச்சையா?"

"பதினொண்ணுனு வெச்சுக்க."

"அப்ப பன்னெண்டாவது?"

ஹேமாவதி ரங்கம்மாளைப் பார்த்தாள். ரங்கம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"சொன்னா நம்பமாட்டண்ணே" என்றாள் முந்தானைக்குள்ளிருந்து.

உட்கார்ந்தான், எழுந்தான், பெட்டியை ஆட்டினான். பன்னிரண்டாவது பென்சில் தனியாகச் சத்தம் போடுவது போல இருந்தது. பிறகு ஒரு நியாயம் உதித்தது. அவள் பிரித்திருந்தால் மதிப்பு ஏற்கெனவே போய்விட்டது, இன்னொரு தடவை பிரித்தால் என்ன குறைந்துவிடும்? பிரித்து ஒட்டிய பெட்டியைப் பொன்னேரியில் வைத்து மானம் போவதற்கு, இங்கேயே பார்த்துவிடுவது மேல்.

நகத்தை விட்டான். ஐம்பது வருஷப் பசை பட்டென்று விட்டது.

உள்ளே மெல்லிய தாள், தொட்டதும் பொடிந்தது. அடியில் பன்னிரண்டு பென்சில். பன்னிரண்டும் மெரூன். வெள்ளி எழுத்து மீன் செதில் மாதிரி மின்னியது. குப்பென்று மரவாசம். பூவரசனுக்கு எல்லாமே மறந்துபோயிற்று.

"ஏமா, இங்க வாயேன்! வந்து பாரேன்!"

மூன்று தலைகள் பெட்டி மேல் குனிந்தன.

"ஐயோ, எவ்ளோ அழகு!" என்றாள் ஹேமாவதி.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "பச்சைன்னியே!"

"சும்மா சொல்லிப் பாத்தேன். எத்தினி நாளைக்குத்தான் தெரியாமயே இருக்கிறது?"

"அப்ப நீ பிரிக்கலியா?"

"நான் எங்க பிரிச்சேன்? நீதானே பிரிச்ச."

பூவரசன் அவசரமாகப் பெட்டியை மூடினான்.

"நில்லு. அக்கா, இன்னிக்கு இன்னா கெழம?"

"வெள்ளி" என்றாள் சாட்சி.

"தட்டு யாரு பாடு?"

"உம்பாடு."

"நாள் மறந்து ஒருத்தன் கை வெச்சா, பட்டது யாருக்குய்யா?"

பூவரசன் கைவசம் இருந்த ஒரே நியாயம், சங்கத்தில் அவனே கத்தியதுதான். பெட்டியை அவள் கையில் கொடுத்தான்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பூவிழி பென்சில்களை எண்ணிப் பார்த்துக் குதித்தாள். "நைனா, எங்க கிளாசுலயும் பன்னெண்டு பேரு! சீவிக் குடு நைனா!"

பூவரசன் சீவினான். காலடியில் மெரூன் சுருள்கள் எறாத் தோல் போலக் குவிந்தன. பன்னிரண்டாவதைச் சீவி முடித்து நிமிர்ந்தான்.

"கண்காட்சிக்கு நான் இன்னாத்த எடுத்துனு போறது?"

ஹேமாவதி காலிப் பெட்டியை முந்தானையால் துடைத்து, படகுப் படம் மேலே தெரிகிற மாதிரி அவன் மடியில் வைத்தாள்.

"இந்தா. வலையத் திருப்பிக் குடுத்துட்டேன்."